மிளகு இங்கே, மாநாடு எங்கே?

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் இன்ஸ்பெக்ஷன், அப்புறம் மழை என்று ஏதாவது ஒன்று வந்து தள்ளிப் போட்டுவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 செப்டம்பர் 15 முதல் 17 வரை வேர்ல்டு ஸ்பைஸ் காங்கிரஸ் நடந்தது. மிளகு, ஏலம், மஞ்சள், மிளகாய், சீரகம் என்று நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் டன் கணக்கில் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கூடுகிற வணிக மாநாடு அது. நடத்துவது மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு. அந்த போர்டின் தலைமை அலுவலகம் 1987ல் ஆரம்பித்த நாளிலிருந்து கொச்சியில்தான் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற மட்டாஞ்சேரியிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் மாநாடு நடந்த இடம் கொச்சி இல்லை. நவி மும்பை வாஷி.

அந்த வாரம் பஜார் ரோட்டில் இதைப் பற்றிப் பேச்சு ஓடியது. எங்கள் பிராஞ்சுக்கு எதிர் டீக்கடையில் மூட்டை தூக்குகிற சேட்டன் ஒருவர் என்னிடம் கேட்டார். "சாரே, பெண்ணு இவிடெ, பந்தலு அவிடெயோ?" எனக்கு மலையாளம் அரைகுறையாக இருந்த காலத்திலும் இது புரிந்திருக்கும். கல்யாணப் பெண் இங்கே இருக்க, பந்தலை எங்கேயோ போட்டிருக்கிறார்கள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு மாநாட்டுக்கு ஊரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்தால் அந்த ஊரில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர். ஏல விவசாயிகள் சங்கம் நடத்துகிற கல்லூரியில்தான் பி.காம் படித்தேன். கொச்சியில் தொடங்கி மூணாறு ஏறி இறங்கி தொண்டி வரை போகிற 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆக, ஒரே ரோட்டின் நடுவிலிருந்து முனைக்கு வந்து வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். இதைப் போய் வெளியூர் வாழ்க்கை என்று சொல்லலாமா என்று துபாயிலும் டொரண்டோவிலும் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். பாஷை மாறினால் வெளியூர்தாங்க :-)

மட்டாஞ்சேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூ டவுனில் இப்ஸ்டா என்று ஒரு கட்டடம் இருக்கிறது. இந்தியா பெப்பர் அண்ட் ஸ்பைஸ் டிரேட் அசோசியேஷன். 1957ல் மிளகுக்கு முன்பேரச் சந்தை தொடங்கிய சங்கம். கை நீட்டி, கூவி, ஆறு மாதம் கழித்து வரப்போகிற மிளகுக்கு இன்று விலை பேசியிருக்கிறார்கள். 1997ல் சர்வதேச ஒப்பந்தம்கூடக் கொண்டுவந்தார்கள். பிறகு கம்ப்யூட்டர் வழி தேசியச் சந்தைகள் வந்தன, கூச்சல் ஓய்ந்தது. பஜார் ரோட்டில் அன்று சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளில் பாதி இன்று பழம்பொருள் கடை, காபிக் கடை. மீதிப் பாதியில் இன்னும் மூட்டை ஏறி இறங்குகிறது. மழை வருவதற்கு முன்னால் அந்தத் தெருவில் நடந்தால் சுக்கு நெடி தும்மல் வரவைக்கும். இந்த ஊருக்குத்தான் மாநாடு வரவில்லை என்று வருத்தம்.

கணக்கைப் பார்ப்போம். ஸ்பைஸ் காங்கிரஸ் 2012ல் புனேயில் நடந்தது. 2014ல் கொச்சிக்கு வந்தது. 2016ல் அகமதாபாத். அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு 2023ல் நவி மும்பை. அதாவது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது இந்த மாநாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. சர்வதேச மாநாடுகளைக் கணக்கெடுத்து ஊர்களுக்கு வரிசை போடுகிற ஐ.சி.சி.ஏ என்ற அமைப்பு ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அவர்கள் கணக்கில் ஒரு கூட்டம் சேர வேண்டுமானால் குறைந்தது ஐம்பது பேர் வந்திருக்க வேண்டும், தவறாமல் நடக்கிற கூட்டமாக இருக்க வேண்டும், மூன்று நாடுகளிலாவது மாறி மாறி நடந்திருக்க வேண்டும். ஊர் மாறுவதையே தகுதியாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எதிர்மாறாக டாவோஸ். 1971லிருந்து அந்த மலைக் கிராமத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, 2002ல் மட்டும் நியூயார்க் போய்விட்டு, மறுபடியும் பனிக்கே திரும்பிவிட்டார்கள். ஊர் பெயரே கூட்டத்தின் பெயராகிவிட்டது. அந்த அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

சரி, சுற்றட்டும். ஆனால் ஏன் புனே, ஏன் அகமதாபாத், ஏன் வாஷி? நான் முதலில் ஹால் பெரிதாக இருக்கும், விமானம் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் உண்டுதான். ஆனால் எங்கள் பிராஞ்சின் ஏற்றுமதி வாடிக்கையாளர் ஒருவர் வேறு விஷயத்தைக் காட்டினார். இந்தியாவின் நறுமணப் பொருள் ஏற்றுமதி வருஷத்துக்கு 400 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதில் முன்னால் நிற்பது மிளகும் ஏலமும் இல்லை. மிளகாயும் சீரகமும். மிளகாய் என்றால் குண்டூர், சீரகம் என்றால் குஜராத்தின் ஊஞ்சா. வாஷியில் மொத்த வியாபாரத்துக்கென்றே ஒரு மசாலா மார்க்கெட் இருக்கிறது, பக்கத்திலேயே நவ சேவா துறைமுகம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் யாரைப் பார்க்க வருகிறாரோ அந்த ஆள் இருக்கிற பக்கம் மாநாடு நகர்கிறது. மிளகிலேயே உலகத்தில் வியட்நாம் முன்னால் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. நம் நாட்டுக்குள் பார்த்தாலும் மிளகு உற்பத்தியில் கர்நாடகம் கேரளத்தை முந்திவிட்டது. டீக்கடைச் சேட்டனிடம் இதைச் சொல்ல மனசு வரவில்லை. பெண் இங்கே இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பெண் கல்யாணமாகிப் போய் ரொம்ப நாளாகிறது.

கேரளாவில் மாநாடு போய்விட்டது என்றதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மது பார்களை மூடினது ஒன்று. 2014 ஆகஸ்டில் அரசாங்கம் ஐந்து நட்சத்திர ஓட்டலைத் தவிர மற்ற பார்களை மூடுவதாக முடிவெடுத்தது, 2017ல் அடுத்த அரசு அதை மாற்றியது. நடுவில் இருந்த காலத்தில் மாநாடும் கல்யாணமும் இலங்கைக்குப் போகிறது என்று ஓட்டல்காரர்கள் புலம்பியது உண்மை. ஆனால் ஸ்பைஸ் காங்கிரஸ் 2016ல் போனது எங்கே? மதுவிலக்கு இருக்கிற குஜராத்துக்கு! சரக்கு இருக்கிற இடத்துக்குக் கூட்டம் போகும் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சீரகத்தைச் சொல்கிறேன்.

ஹர்த்தால் இன்னொன்று. இதில் நியாயம் இருக்கிறது. முந்தின ராத்திரி அறிவித்து மறுநாள் கடையடைக்கிற ஊருக்கு முன்னூறு வெளிநாட்டுக்காரரை யார் கூட்டி வருவார்கள்? 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உத்தரவு போட்ட பிறகு எவ்வளவோ தேவலை. மழையை ஒன்றும் செய்ய முடியாது. 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்டு 15ல் மூடி 29ல்தான் திறந்தது. வெலிங்டன் தீவில் கடற்படையின் பழைய ஓடுதளத்தில் சின்ன விமானங்களை இறக்கிச் சமாளித்தார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு கொச்சியில் மழை மாதங்களில் பெரிய கூட்டம் வைக்க ஒரு தயக்கம் வரத்தான் செய்யும்.

இப்போது யாரும் பேசாத ஒரு காரணம். பி.காம் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஜி.எஸ்.டி.

ஓட்டல் அறையும் ஓட்டல் ஹாலும் அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட சேவை. ஆகவே அந்த ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வரிதான் போடுவார்கள். மும்பையில் மட்டும் பதிவு செய்த கம்பெனி கொச்சியில் அறை எடுத்தால் கேரள வரி கட்ட வேண்டும். கட்டின வரியை மகாராஷ்டிரக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. கேரளாவிலும் பதிவு வைத்திருந்தால் பிழைத்தார்கள். ஒரு அறை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 அறை, மூன்று ராத்திரி. வாடகை 48 லட்சம். 7,500க்கு மேல் போனால் வரி 18 சதவீதம், ஆக 8,64,000 ரூபாய். 2019 அக்டோபருக்கு முன்னால் இது 28 சதவீதமாக இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதே கூட்டத்தை நவி மும்பையில் வைத்தால் அந்தக் கம்பெனிக்கு இந்த வரி திரும்பக் கைக்கு வந்த மாதிரிதான். இதனால்தான் மாநாடு அங்கே போனது என்று சொல்லவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை இருக்கிற எந்தக் கம்பெனியும் இதைப் பார்க்காமல் ஸ்பான்சர் பாரத்தில் கையெழுத்துப் போடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் சொந்தச் சரக்கின் மாநாட்டைச் சுற்றுக்கு விட்டுவிட்ட இந்தக் கொச்சிக்குத்தான் கேரள அரசின் முதலீட்டாளர் மாநாடு தவறாமல் வருகிறது. 2003ல் உலக முதலீட்டாளர் மாநாடு, பிரதமர் வாஜ்பாய் வந்தார். 2012ல் எமர்ஜிங் கேரளா, மன்மோகன் சிங் வந்தார். 2020ல் அசெண்ட். 2025 பிப்ரவரி 21, 22ல் இன்வெஸ்ட் கேரளா. தலைநகரம் திருவனந்தபுரம், மந்திரிகள் அங்கே, ஃபைல் அங்கே, கூட்டம் மட்டும் இங்கே. ஏனென்றால் அது விற்கிறவன் போடுகிற பந்தல். தன் வீட்டில் எந்த அறை நன்றாக இருக்கிறதோ அங்கேதானே விருந்தாளியை உட்கார வைப்போம்? ஸ்பைஸ் காங்கிரஸில் விற்கிறவன் இந்தியா முழுக்க இருக்கிறான், எந்த வீடு என்று சண்டை வரும்.

நம் தமிழ்நாட்டில் இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள். உலக முதலீட்டாளர் மாநாடு என்றால் சென்னைதான் என்று 2015, 2019, 2024 மூன்று முறையும் இருந்தது. 2025ல் முதலீட்டுக் கூட்டங்களைத் தூத்துக்குடி, ஓசூர், கோவை என்று கொண்டுபோனார்கள். தூத்துக்குடிக்கு அந்த ஆகஸ்டில் கோட்டு போட்ட ஆட்கள் வந்து இறங்கியதை ஊரில் இருக்கிற என் மச்சினன் போனில் திருவிழா மாதிரி வர்ணித்தான்.

ஆனால் "கொச்சியில் மாநாடு" என்றால் கொச்சியில் எந்த இடம்? இதுதான் எனக்கு உறைத்த விஷயம்.

எமர்ஜிங் கேரளாவும் 2014 ஸ்பைஸ் காங்கிரசும் நடந்தது மரடில் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற பெரிய ஓட்டலில். இன்வெஸ்ட் கேரளா நடந்தது போல்காட்டித் தீவில், 2018ல் திறந்த லுலு மாநாட்டு மையத்தில். இரண்டும் அருமையான இடங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மட்டாஞ்சேரிக்காரனுக்கு அவை காயலுக்கு அந்தப் பக்கம். போல்காட்டியிலிருந்து தண்ணீரில் பார்த்தால் மட்டாஞ்சேரி கூப்பிடு தூரம். ரோட்டில் வந்தால் எறணாகுளத்தைச் சுற்றி, தேவரா, தோப்பும்படி என்று சாயங்கால நெரிசலில் ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே மாநாட்டுக்காரர்கள் மட்டாஞ்சேரிக்கு "பாரம்பரியச் சுற்றுலா" என்று அரை நாள் ஒதுக்குவார்கள். ஏசி பஸ் வரும், டச்சு அரண்மனை, யூதர் கோயில், ஒரு போட்டோ, பஸ் போய்விடும். சொகுசுக் கப்பல் பயணிகள் வந்து போவதைப் போலவேதான்.

அந்த அரை நாளும் பல சமயம் வீண். இன்வெஸ்ட் கேரளா நடந்த பிப்ரவரி 21 வெள்ளி, 22 சனி. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. 1568ல் கட்டிய பரதேசி சினகாக்கில் சனிக்கிழமை பார்வையாளர் கிடையாது. இரண்டு நாள் கூட்டம், இரண்டு நாளும் ஆளுக்கொரு கதவு சாத்தியிருக்கிறது! தேதி குறித்தவர்கள் பஞ்சாங்கம் பார்த்திருப்பார்கள், மட்டாஞ்சேரியைப் பார்க்கவில்லை.

அந்த மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு எங்கள் பிராஞ்சுக்கு ஒரு அக்கா வந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன், தொழில் தர்மம்.) ஃபோர்ட் கொச்சி வெளி பக்கத்தில் தோபி கானா தெரியுமில்லையா? டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத் துணி வெளுக்க வந்த தமிழ் வண்ணார் குடும்பங்கள் என்று அவர்களே சொல்வார்கள். 1976ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்த துவைக்கிற இடம், வரிசையாகத் தொட்டிகள், பின்னால் திடலில் முறுக்குக் கயிறு. கிளிப் கிடையாது. கயிற்றின் முறுக்கைப் பிரித்து அதற்குள் துணி முனையைச் செருகிவிடுவார்கள், எந்தக் காற்றுக்கும் பறக்காது. இஸ்திரி போட்டு வருகிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் கை வைக்க மனசு வராது.

பெயர்ப் பலகையில் என் பெயரைப் படித்துவிட்டு, "சார் நம்ம பக்கமா?" என்றார்.

"போடிங்க்கா. உக்காருங்க."

கையில் ஒரு கொட்டேஷன். துணி உலர்த்துகிற மிஷின், பெரியது, மூன்றரை லட்சம். "பெரிய மாநாடு வருதாமே சார். பேப்பர்ல தினம் போடுறான். லட்சம் கோடிங்கிறான். வர்றவங்க துணி எல்லாம் எங்கயாச்சும் வெளுக்கணும்ல?" கூட வந்திருந்த அவர் அண்ணன் மகன் தலையை ஆட்டினான். அவன்தான் இந்த யோசனையைச் சொல்லியிருக்க வேண்டும்.

லட்சம் கோடி என்றது சரிதான். மாநாடு முடிந்தபோது சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு முதலீட்டு விருப்பம் வந்ததாக அறிவித்தார்கள். விருப்பம் வேறு, பணம் வேறு என்பதை நான் பேங்க்கில் சேர்ந்த முதல் வருஷமே கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த அக்காவுக்கு நான் கேட்டது வேறு கேள்வி.

"வர்றவங்க எங்க தங்குவாங்கக்கா?"

"பெரிய ஓட்டல்ல."

"அந்த ஓட்டல் துணி இப்ப உங்ககிட்ட வருதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்ல சார். அவங்க மிஷின் வெச்சிருக்காங்க."

அண்ணன் மகன் முகம் சுருங்கிவிட்டது. அந்த அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. யார் யார் துணி வருகிறது என்று கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். படித்துப் பார்த்தால் பேலன்ஸ் ஷீட் தோற்றது போங்கள். பதினோரு ஹோம்ஸ்டே, ஒவ்வொன்றுக்கும் படுக்கை விரிப்பு இத்தனை, தலையணை உறை இத்தனை, துண்டு இத்தனை, மாதவாரியாக. 2022 டிசம்பர் கடைசியில் பினாலே தொடங்கியதும் எண்ணிக்கை ஏறுகிறது, ஏப்ரல் வரை இறங்கவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பாதிக்குக் கீழே விழுகிறது.

"சீசன் இல்லாததால்தானே?" என்றேன்.

"அது கொஞ்சம்தான் சார். மழைக்குக் காயாது. மூணு நாள் ஆகும், வாடை வந்துரும். அதனால நாங்களே வேண்டாம்னுருவோம். அவங்க எறணாகுளத்துக்கு அனுப்பிருவாங்க."

அப்புறம் என்ன? கடன் மனுவில் காரணம் எழுதுகிற கட்டத்தில் மாநாடு என்ற வார்த்தையே இல்லாமல் எழுதினோம். மழை மாதங்களில் திருப்பி அனுப்புகிற துணியின் எண்ணிக்கை, ஒரு விரிப்புக்கு என்ன கூலி, கரண்ட் என்ன ஆகும், தவணை என்ன வரும். முத்ராவில் கிஷோர் வகை, ஐந்து லட்சம் வரை ஈடு கேட்காமல் கொடுக்கலாம். மேலே இருந்து இரண்டு கேள்வி வந்தது, பதில் போட்டேன், சாங்ஷன் ஆனது. முதல் மழைக்கு முன்னால் மிஷின் வந்து இறங்கிவிட்டது. மாநாடு நடந்த இரண்டு நாளும் அந்த நோட்டில் கூடுதலாக ஒரு தலையணை உறைகூட இல்லை. ஜூலையில் இருந்தது.

இதை எழுதும்போது அமெரிக்காவில் இருக்கிற நண்பர்கள் ஞாபகம் வருகிறது. உங்கள் பெட்னா தமிழ் விழா 2023ல் சாக்ரமெண்டோ, 2024ல் சான் ஆண்டோனியோ, 2025ல் ராலே என்று ஊர் ஊராகப் போகிறது. அதில் தொழில்முனைவோர் கூட்டமும் சேர்ந்து நடக்கிறது. அங்கே ஊரைத் தீர்மானிப்பதில் ஹால் வாடகையை விட, லீவு போட்டு வந்து ஏர்போர்ட்டில் ஆளைக் கூட்டி வரவும் பந்தியில் இலை போடவும் அந்த ஊர்ச் சங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஊர்க்காரன் கை படாமல் ஒன்றும் நடக்காது. வணிக மாநாடு அப்படி இல்லை. ஒரே கூரைக்குக் கீழே தூக்கம், சாப்பாடு, பேச்சு, சலவை எல்லாம் முடிந்துவிடுகிறது. ஊர் வெறும் பின்னணிப் படம்.

எங்கள் ஊர் ஏலக்காயைப் பாருங்கள், அங்கே இடமே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். இடுக்கி புத்தடியில் ஒரு நாள், போடியில் ஒரு நாள் என்று ஏல மையம் மாறும். மாநில எல்லை தாண்டி வியாபாரிகள் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொரோனா வந்து எல்லையை அடைத்ததும் திண்டாட்டம். 2021 ஜனவரியில் இரண்டு மையத்தையும் இணையம் வழியாக இணைத்து, போடியில் உட்கார்ந்து புத்தடி ஏலத்தில் விலை கேட்கலாம் என்று கொண்டுவந்தார்கள். விலை கேட்க அது போதும். ஆனால் மாநாட்டுக்கு மனிதர்கள் வருவது விலை கேட்க இல்லை. எதிராளியின் கிடங்கு எப்படி இருக்கிறது, மிளகைக் கையில் அள்ளினால் எப்படி உருள்கிறது, ராத்திரிச் சாப்பாட்டில் ஆள் என்ன பேசுகிறான் என்று பார்க்க வருகிறார்கள். அதற்கு மட்டாஞ்சேரியை விட்டால் வேறு எந்த இடம் பொருத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் ஆசை சின்னது. முழு மாநாட்டையும் மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவா என்று நான் கேட்கமாட்டேன். ஆயிரம் பேர் உட்கார ஹால் கிடையாது, கார் நிறுத்த இடம் கிடையாது. பகல் முழுக்க போல்காட்டியில் ஏசியில் பேசட்டும். ஒரே ஒரு சாயங்காலத்தை இந்தப் பக்கம் கொடுத்தால் போதும். போல்காட்டியில் வாட்டர் மெட்ரோ துறை இருக்கிறது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரித் துறையும் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வழியாக வந்து இறங்கினால் பஜார் ரோட்டுக் கிடங்குகள் காயலுக்கு முதுகு காட்டி நிற்கும். பழைய கிடங்கில் உலகத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியும் என்பதை பினாலே 2012லிருந்து நிரூபித்துக்கொண்டிருக்கிறது. படம் மாட்டுகிற சுவருக்குப் பக்கத்தில் பந்தி போட முடியாதா என்ன?

தடை இருக்கிறது. பேங்க்காரனாகச் சொல்கிறேன், பெரிய தடை பத்திரம். ஒரு கிடங்குக்கு ஏழெட்டுப் பங்காளி, அதில் இரண்டு பேர் வெளிநாட்டில், கீழே ஐம்பது வருஷ வாடகைதாரர், மேலே கோர்ட் கேஸ். அப்படிப்பட்ட கட்டடத்துக்குக் கழிப்பறை கட்டவும் தீயணைப்பு அனுமதி வாங்கவும் நான் கடன் கொடுக்க வேண்டும் என்றால் அடமானமாக எதை எழுதி வாங்குவது? இரண்டு பேர் என்னிடம் வந்து கேட்டு, பத்திர நகலைப் பார்த்தபின் நாங்களே சிரித்துக்கொண்டு பிரிந்திருக்கிறோம். பங்காளிகள் சேர்ந்து பத்து வருஷக் குத்தகைக்காவது கையெழுத்துப் போட்டால் அந்தக் குத்தகையையும் வரப்போகிற வாடகையையும் வைத்து ஏதாவது செய்ய முடியும். ஒரு கிடங்கில் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிற பங்காளியின் பவர் பத்திரம் வர வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு சாயங்காலம் அமைந்தால், தயவுசெய்து ஞாயிறு முதல் வியாழனுக்குள் வையுங்கள்.